படம் பிடிக்கப் பழகுவோம்: திருகோணமலைக் கடல் தரும் பாடங்கள்



வீடியோ என்பது நமக்குப் புதிய சாமான் அல்ல. இலங்கையில் 1979இல் தொலைக்காட்சி தொடங்கியது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி வந்தது. அதன் பின் நம் லயங்களில் நடந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சம்பளம் வந்ததும் வாலிபர்கள் காசு சேர்த்து, டவுனிலிருந்து டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வருவார்கள். விடிய விடிய மூன்று படம், நாலு படம் ஓடும். பிறகு கல்யாண வீட்டுக்கும் சடங்கு வீட்டுக்கும் வீடியோக்காரர் பெரிய லைட்டோடு வந்தார். இன்று அந்தக் கமரா ஒரு போனாக நம் கையிலேயே இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயம் அவ்வளவாக மாறவில்லை. இத்தனை வருடமும் நாம் படம் பார்த்தவர்கள். அல்லது பிறர் எடுத்த படத்தில் நின்றவர்கள். தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலா விளம்பரத்திலும் கூடையோடு சிரிக்கும் பெண்ணின் முகம் உலகமெல்லாம் போகிறது. அந்தப் பெண் என்ன சொல்ல நினைத்தாள் என்று கேட்டவர்கள் குறைவு. "அதெல்லாம் படிச்சவங்க வேலை, நமக்கு எதுக்கு?" என்று ஒதுங்கிவிடலாமா? ஒதுங்கத் தேவையில்லை என்பதே நம் கருத்து. இந்த வேலையின் அடிப்படைகள் சிலவே. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் திருகோணமலை?

திருகோணமலை நமக்கு அந்நிய ஊர் அல்ல. கோணேசர் கோயிலுக்குப் போய் வந்தவர்கள் நம்மில் பலர். 1977 கலவரத்துக்குப் பின் மலையை விட்டு இறங்கிய குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, திருகோணமலைப் பக்கங்களில் குடியேறியதும் நாம் அறிந்ததே. அந்தத் துறைமுக ஊருக்கு இலங்கையின் படப்பிடிப்பு வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு.

1956இல் ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் அங்கே கடலில் சுழியோடினார்கள். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய பழைய கோணேசர் கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் மலையடியில், தண்ணீருக்குள், கண்டார்கள், படமும் எடுத்தார்கள். பின்னர் மைக் வில்சன் இயக்கிய 'ரன் முத்து தூவ' 1962இல் திரைக்கு வந்தது. காமினி பொன்சேகா நடித்த அந்தப் படமே முதலாவது முழுநீள வர்ணச் சிங்களப் படம். அதன் கடலடிக் காட்சிகள் திருகோணமலைக் கடலில் எடுக்கப்பட்டவை.

அவர்கள் எடுத்தது பிலிமில். பிலிம் என்பது மருந்து பூசிய சுருள். வெளிச்சம் பட்டு, பிறகு மருந்தில் கழுவினால்தான் படம் தெரியும். வீடியோ அப்படியல்ல. கமராவுக்குள் விழும் வெளிச்சம் மின்சாரக் குறிப்பாக மாறிப் பதிவாகிறது; எடுத்த உடனே போட்டுப் பார்க்கலாம். தப்பு இருந்தால் அந்த இடத்திலேயே திரும்ப எடுக்கலாம். பழகுகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

முதல் பாடம்: வெளிச்சம்

கடலுக்குள் இறங்க இறங்க நிறங்கள் ஒவ்வொன்றாக மறையும். முதலில் போவது சிவப்பு. ஐந்து மீற்றர் ஆழத்துக்குள்ளேயே அது பெரும்பாலும் மங்கிவிடும். அடுத்து செம்மஞ்சள், பிறகு மஞ்சள். கடைசியில் எல்லாம் நீலமாகத் தெரியும். தண்ணீர் சிவப்பு வெளிச்சத்தை விரைவாக உறிஞ்சிவிடுவதே காரணம். அதனால்தான் கடலடியில் படமெடுப்போர் கையோடு விளக்குக் கொண்டு போகிறார்கள், அல்லது ஆழம் குறைந்த இடத்தில் எடுக்கிறார்கள். காலமும் பார்க்க வேண்டும். நம் மேற்கு மலைகளில் தென்மேல் மழை கொட்டும் மாதங்களில் திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் அங்கே கடல் கலங்கிவிடும்.

இதில் நமக்கு என்ன பாடம்? கமரா பொருளைப் பதிவதில்லை. பொருளில் பட்டு வரும் வெளிச்சத்தையே பதிகிறது. லயத்துக் காம்பராவில் ஜன்னலுக்கு முன்னால் அம்மாயியை உட்கார வைத்து எடுத்தால் முகம் கறுப்பாகத்தான் வரும். ஏனென்றால் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக் கமரா தன் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறது. அவரை வாசல் பக்கம் முகம் பார்க்க உட்கார வையுங்கள். நீங்கள் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நில்லுங்கள். மலையில் பனிமூட்டம் இருக்கும்போதும் இதே சங்கடம் வரும். அப்போது போன் திரையில் ஆளின் முகத்தை விரலால் தொட்டால், கமரா முகத்துக்கு ஏற்ற மாதிரி வெளிச்சத்தைச் சரிசெய்யும்.

இரண்டாம் பாடம்: அசையாத கை

சினிமாவில் ஒரு செக்கனுக்கு 24 படங்கள் ஓடும். நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கு 25. போனில் அநேகமாக 30. இத்தனை படமும் தெளிவாக இருக்க வேண்டுமானால் கை ஆடக்கூடாது. இருட்டில் கமரா ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். ஆட்டம் இன்னும் மோசமாகத் தெரியும்.

முழங்கை இரண்டையும் உடம்போடு ஒட்டி வையுங்கள். நிலைக்கதவிலோ மரத்திலோ சாய்ந்துகொள்ளுங்கள். போனைப் படுக்கையாகப் பிடியுங்கள். பதிவைத் தொடங்கிய பின் மனதுக்குள் பத்து வரை எண்ணி, அதுவரை அசையாமல் இருங்கள். புதிதாகப் பழகுவோர் கமராவைத் தண்ணீர்க் குழாய் மாதிரி எல்லாப் பக்கமும் ஆட்டுவார்கள். அது கண்ணுக்குத் தலைசுற்றைத்தான் தரும்.

பிறகு தூரம். ஒரே விஷயத்தை மூன்று தூரத்தில் எடுக்க வேண்டும். திருகோணமலைக் கரையில் மீன் இறங்குவதை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். தூரத்தில் நின்று எடுத்தால் கரையும் வள்ளமும் தெரியும்: இது எந்த இடம் என்று சொல்கிறது. நடுத் தூரத்தில் வலை இழுக்கும் நாலு பேர் தெரிவார்கள்: என்ன நடக்கிறது என்று சொல்கிறது. கிட்டப் போனால் கயிறு அறுத்த கை தெரியும்: அந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்று சொல்கிறது. நம் தோட்டத்தில் கொழுந்து நிறுப்பதையும் இப்படியே எடுக்கலாம். மலை, வரிசை, தராசு முள். கிட்டப் போவதற்குக் கால் இருக்கிறது, சூம் வேண்டாம். போனில் சூம் செய்தால் படம் புள்ளி புள்ளியாக உடைந்துவிடும்.

மூன்றாம் பாடம்: எந்த உயரத்தில் இருந்து?

தெலுங்கானாவில் பஸ்தாபூர் என்று ஒரு கிராமம். டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற அமைப்பின் சங்கங்களைச் சேர்ந்த தலித் பெண்கள், பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலிகள், அங்கே 1990களின் பிற்பகுதியில் வீடியோ பழகினார்கள். கமராப் பாடத்தின் ஆங்கிலப் பெயர்கள் அவர்கள் வாயில் நுழையவில்லை. ஆகவே தாங்களே பெயர் வைத்தார்கள். உயர்வு தாழ்வு தெரியும் காட்சிகளுக்கு ஊர்ப் பண்ணையாரின் பெயரிலும் அடிமையின் பெயரிலும் பெயர். கண்ணுக்கு நேராக எடுப்பதற்கு 'சங்கம் ஷாட்'. சங்கத்தில் எல்லாரும் தரையில் சமமாக உட்காருவார்கள் அல்லவா!

இதைவிடத் தெளிவாகப் பள்ளிக்கூடத்திலும் சொல்ல முடியாது. மேலே நின்று எடுத்தால் ஆள் சின்னதாகத் தெரிவார். கீழே இருந்து எடுத்தால் பெரியாளாகத் தெரிவார். பெரட்டுக்களத்தில் யார் நிற்கிறார், யார் அண்ணாந்து பார்க்கிறார் என்பது நமக்குத் தெரியாததல்ல. கொழுந்து எடுக்கும் அக்காவைப் படம் பிடிக்கிறவர் ரோட்டு மேலிருந்து எடுக்கிறாரா, மலையில் இறங்கி அவர் கண்ணுக்கு நேரே எடுக்கிறாரா என்று இனிமேல் கவனித்துப் பாருங்கள்.

நாலாம் பாடம்: சத்தம்

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் சனம் பொறுத்துக்கொள்ளும். பேச்சு கேட்காவிட்டால் எழும்பிப் போய்விடும். கோணேசர் மலை உச்சியில் நின்று பேசிப் பதிந்தால் காற்று 'புர்ர்' என்று இரைவதுதான் கேட்கும். காற்று நேரே மைக்கில் மோதுவதே காரணம். நம் மலைகளிலும் அப்படித்தான். பேசுகிறவரைச் சுவர் மறைவுக்குக் கூட்டி வாருங்கள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்று பதியுங்கள். ரேடியோவை அணையுங்கள். அவர் பேசும்போது நடுவில் "ஆமா ஆமா" என்று சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள்.

ஐந்தாம் பாடம்: வெட்டி ஒட்டுதல்

எடுத்ததெல்லாம் படம் அல்ல. தேவையானதை வைத்து, மற்றதை வெட்டி, வரிசைப்படுத்துவதையே எடிட்டிங் என்கிறார்கள். முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: எது முன்னே, எது பின்னே. வரிசையை மாற்றினால் அர்த்தமும் மாறும். தாய் அழுகிறார், பிறகு கூரை ஒழுகுவது தெரிகிறது என்றால் ஓர் அர்த்தம். தாய் அழுகிறார், பிறகு மகள் பஸ் ஏறுகிறாள் என்றால் இன்னோர் அர்த்தம். அழுகை ஒன்றுதான்! ஆகவே வெட்டுகிறவர் கையில் உண்மையும் இருக்கிறது, பொய்யும் இருக்கிறது.

வீடியோக் கலை என்று ஒன்று

கதையும் செய்தியும் இல்லாமல், பார்க்கிறவரை யோசிக்க வைக்க வீடியோவைப் பாவிப்பதும் உண்டு. கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக் என்பவர் இதில் முன்னோடி. 1974இல் அவர் ஒரு புத்தர் சிலைக்கு எதிரே டீவிப் பெட்டியும் கமராவும் வைத்தார். டீவியில் தெரிவது அந்தப் புத்தரே. புத்தர் தன்னையே பார்த்துக்கொண்டு இருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அதைப் பார்க்கிறவருக்கு, நாமும் திரையில் எதைத் தேடுகிறோம் என்ற கேள்வி வரும். பெரிய செலவு இல்லை, ஒரு யோசனைதான்.

யாரைக் கேட்டு எடுப்பது?

1967இல் கனடாவின் போகோ தீவில் மீனவர்களைப் படமெடுத்தபோது ஒரு நல்ல வழக்கம் வைத்தார்கள். படத்தில் பேசியவர்கள் முதலில் பார்த்து, சரி என்று சொன்ன பிறகே வெளியே காட்டினார்கள். மக்களை அந்தத் தீவிலிருந்து கிளப்பிக் குடியேற்றும் பேச்சு நடந்த காலம் அது. தங்கள் படத்தைத் தாங்களே பார்த்த தீவு மக்கள், எல்லாருக்கும் ஒரே பிரச்சினைதான் என்று கண்டு, கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். இந்தியாவில் அகமதாபாத்திலும் 1984இல் சேவா சங்கத்துப் பெண்கள், மரக்கறி விற்போர் உட்பட, வீடியோ பழகித் தங்கள் தொழில் கஷ்டத்தைத் தாங்களே எடுத்துக் காட்டினார்கள்.

அந்த வழக்கத்தை நாமும் வைத்துக்கொள்வோம். ஆளைக் கேட்டு எடுங்கள். காட்டிய பின் பகிருங்கள். சண்டை, குடி, பிறர் வீட்டுத் துக்கம் இவற்றைச் சிரிப்புக்காக எடுத்து அனுப்பவே வேண்டாம். பிள்ளைகளை எடுக்கத் தாய் தகப்பனிடம் கேட்க வேண்டும். திருகோணமலை போனால், துறைமுகத்தில் கடற்படைப் பகுதிகள் இருப்பதை மறந்து கமராவை நீட்டாதீர்கள். கோயிலுக்குள் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள்.

இப்போது ஒரு வேலை. உங்கள் லயத்தில் வயதான ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். கவ்வாத்துக் கத்தி பிடித்த கையாக இருக்கலாம். 1977இல் ஊர்விட்டு ஊர் போய் வந்தவராக இருக்கலாம். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு, மூன்று நிமிடத்துக்குள் ஒரு படம் எடுங்கள். வீடு தூரத்தில், ஆள் நடுவில், கை கிட்டத்தில். எடுத்ததை மெமரி கார்டில் ஒன்றும் பென் டிரைவில் ஒன்றுமாக இரண்டு இடத்தில் வையுங்கள். போன் உடையும், கார்டும் கெட்டுப்போகும்.

கோணேசர் கோயிலின் கற்கள் முந்நூறு வருடத்துக்கு மேல் தண்ணீருக்குள் கிடந்தும் பிறகு ஒருவர் படமெடுக்கக் காத்திருந்தன. நம் பெரியவர்களின் பேச்சு அப்படிக் காத்திருக்காது. இந்த மாதமே எடுத்துவிடுங்கள்.