டீசல்தானே!

திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிக்கு ஊர் ஊராக வேலை. துளை போடும் காட்டுக்கும் பெட்ரோல் பங்குக்கும் இடையே பல கிலோமீட்டர் என்றால் பேரலில்தான் டீசல் வரும். கையடக்க பம்பின் இரண்டு கிளிப்பை பேட்டரியில் மாட்டினால் நிமிடத்துக்கு 40 லிட்டர் வரை டேங்குக்கு ஏறிவிடும். நெல் அறுக்கும் வண்டிக்கும் ஜேசிபிக்கும் இதே ஏற்பாடுதான். "டீசல்தானே, அவ்வளவு சீக்கிரம் பத்தாது" என்ற தைரியம் எல்லோரிடமும் உண்டு.

டீசல் குளிர்ந்திருக்கும்வரை அந்தத் தைரியம் சரி. ஒரு வெப்பநிலையைத் தாண்டினால் அதிலிருந்து எழும் ஆவி பொறி பட்டாலே பற்றும். ஐரோப்பிய டீசலுக்கு அந்த எல்லை 55 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும்; அங்கே தயாராகும் பம்புகளின் கையேடும் அதை நம்பித்தான் எழுதப்படுகிறது. இந்தியத் தரநிர்ணயம் கேட்பதோ குறைந்தது 35 டிகிரி. சித்திரையில் வேலூர் நிழலே 40ஐத் தாண்டும்போது, வெயிலில் நிற்கும் பேரலைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

பொறிக்குப் பஞ்சமில்லை. மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் அது ஓயாமல் பறக்கிறது. பம்பு ஓடும்போதே கிளிப்பைப் பிடுங்கினால் இன்னும் பெரிதாக வரும், அதுவும் பேட்டரியின் தலைமேலேயே. சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜனை வெளிவிடும். காற்றில் அது 4 சதவீதம் இருந்தாலே எரியும். எனவே சுவிட்சை அணைத்து வைத்துக்கொண்டு முதலில் சிவப்பு கிளிப்பை மாட்ட வேண்டும். கறுப்பு கிளிப் பேட்டரிக்கும் பேரலுக்கும் தள்ளி, சேஸில் பெயின்ட் இல்லாத இரும்பில். கழற்றும்போது கறுப்புதான் முதலில். லாரியில் 24 வோல்ட் என்பதை மறந்து 12 வோல்ட் பம்பை மாட்டி மோட்டாரைப் புகைய விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்றும் உண்டு. ஹோஸில் ஓடும் டீசல் உரசி உரசி மின்னூட்டம் சேர்க்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்தபோது டீசலின் கந்தக வரம்பு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 ஆகக் குறைந்தது. புகைக்கு நல்லதுதான். ஆனால் கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பு, மின்னூட்டத்தை வடியவிடும் பொருட்களையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது. பேரலையும் டேங்கையும் ஒரு செம்பு வயரால் இணைத்துவிட்டால் இரண்டுக்கும் இடையே பொறி தாவாது. பிளாஸ்டிக் கேனை வண்டிமேல் வைத்து நிரப்பாமல் தரையில் இறக்கி வைப்பது நல்லது.

டீசல் பம்பில் பெட்ரோல் இறைப்பதை மட்டும் எந்தச் சமாதானத்தாலும் ஏற்க முடியாது. பெட்ரோல் உறைகுளிரிலும் ஆவி விடும். காற்றைவிடக் கனமான அந்த ஆவி தரையோடு தவழ்ந்து மோட்டாரைத் தேடிவரும். பொறி வெளியே வராதபடி மூடிய, பெட்ரோலுக்கென்றே சான்று பெற்ற பம்புகள் தனியாக இருக்கின்றன, விலை கூடுதல். கட்டுப்படியாகாதவர்களுக்குக் கையால் சுற்றும் ரோட்டரி பம்பு இருக்கிறது. அதற்கு பேட்டரி வேண்டாம். செம்பு வயர் அதற்கும் வேண்டும்.