இரண்டு ஆண்ட்டி வைரஸ், ஆனாலும் வைரஸ்!

ஆவடியில் இருக்கும் என் பெரியப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தார். "பென் டிரைவ்ல இருந்ததெல்லாம் போச்சுப்பா, உடனே கிளம்பி வா" என்றார். அம்பத்தூரில் ரயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் ஆவடி. போய்ப் பார்த்தேன்.

தங்கை குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பிக்க மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாம் ஸ்கேன் செய்து பென் டிரைவில் வைத்திருந்தாள். அதே பென் டிரைவில்தான் பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்களும். வேறு காப்பி கிடையாது. பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டு போயிருக்கிறாள். வீட்டுக்கு வந்து செருகினால் எல்லா போல்டரும் ஷார்ட்கட்டாக மாறியிருந்தன. கடைக்காரர், "பார்மட் செய்தால் சரியாகிவிடும்" என்று சொல்லியிருக்கிறார். நல்ல வேளை, யாரும் செய்யவில்லை.

"கம்ப்யூட்டரில் ஆண்ட்டி வைரஸ் இல்லையா பெரியப்பா?" என்று கேட்டேன். "ஒண்ணு இல்லப்பா, ரெண்டு இருக்கு" என்றார் பெருமையாக.

அந்த இரண்டுதான் பிரச்சினை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஐ3 கம்ப்யூட்டர். 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். விற்றவர் "புல் வெர்ஷன்" என்று சொல்லி ஒரு கிராக் செய்த ஆண்ட்டி வைரஸ் தொகுப்பைப் போட்டுக் கொடுத்திருந்தார். கிராக் பிடிபடாமல் இருக்க, அது அப்டேட் ஆவதையே தடுத்து வைத்திருந்தார்கள். இன்னொன்று, சோதனைக் காலம் முடிந்த டிரையல் பதிப்பு. இரண்டுமே புது வைரஸ் எதையும் அறியாதவை. ஆனால் பூட் ஆகி ஒரு போல்டரைத் திறக்க எட்டு நிமிடம் ஆனது. பொறுக்க முடியாமல் பெரியப்பா தினமும் காலையில் அவற்றின் கண்காணிப்பை நிறுத்திவிட்டுத்தான் மெயில் பார்ப்பாராம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கனமான ஆண்ட்டி வைரஸ் என்றால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். வீட்டில் நடப்பது வேறு. கம்ப்யூட்டரை இழுத்துப் பிடிக்கும் புரோகிராமை யாராவது ஒருவர் ஒரு நாள் நிறுத்திவிடுவார். பிறகு மீண்டும் இயக்க மறந்துவிடுவார்.

ஆண்ட்டி வைரஸ் ஏன் கம்ப்யூட்டரை மெதுவாக்குகிறது? நீங்கள் ஒரு பைலைத் திறக்கும்போதும், காப்பி செய்திடும்போதும் அது இடையில் புகுந்து அந்தப் பைலைச் சோதித்துவிட்டுத்தான் வழி விடுகிறது. இதுதான் ரியல் டைம் புரடக்‌ஷன். இரண்டு புரோகிராம்கள் இருந்தால் ஒரே பைல் இரண்டு வாசலில் நிற்க வேண்டும். சில நேரங்களில் ஒன்று பிடித்து வைத்த வைரஸ் பைலை மற்றொன்று வைரஸ் என்று பிடிக்கப் பார்க்கும். எஸ்.எஸ்.டி. உள்ள கம்ப்யூட்டரில் இந்தச் சுமை அதிகம் தெரியாது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் நன்றாகவே தெரியும். ஆகவே ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு ரியல் டைம் ஆண்ட்டி வைரஸ் போதும்.

எதைப் போடலாம்? முதலில் உங்களிடம் ஏற்கனவே இருப்பதைப் பாருங்கள். மைக்ரோசாப்ட் 2012-ல் விண்டோஸ் 8 வெளியிட்டபோதே டிபண்டரை முழு ஆண்ட்டி வைரஸாக விண்டோஸுடன் இணைத்துவிட்டது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அது இலவசமாகவே உள்ளது. வேறு நிறுவனத்தின் ஆண்ட்டி வைரஸை நிறுவினால் தானாக ஒதுங்கிக்கொள்ளும். அதை நீக்கினால் மீண்டும் வேலைக்கு வந்துவிடும். புதியவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான்.

டிபண்டர் எல்லாரையும் விட லேசானது என்று சொல்ல மாட்டேன். ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக் நகரில் உள்ள ஏவி-கம்பேரட்டிவ்ஸ் அமைப்பு, பைல் காப்பி செய்வது, ஜிப் செய்வது, புரோகிராம் நிறுவுவது, இணையதளம் திறப்பது போன்ற வேலைகளைக் கொடுத்து எந்த ஆண்ட்டி வைரஸ் எவ்வளவு மெதுவாக்குகிறது என்று அளக்கிறது. அந்தச் சோதனைகளில் டிபண்டரை விடக் குறைந்த சுமை தரும் புரோகிராம்கள் உண்டு. அவற்றில் ஒன்று நம் சென்னையிலேயே தயாராகிறது. 1991-ல் ஜெ. கேசவர்தனன் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங் நிறுவனத்தின் தொகுப்பு இந்த வேகச் சோதனையில் "அட்வான்ஸ்டு பிளஸ்" என்ற உயர்ந்த தரத்தைப் பல முறை பெற்றிருக்கிறது. ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனம் விற்ற ஆண்ட்டி வைரஸின் உள்ளே இருந்ததும் இந்த கே7 தான். இது இலவசம் இல்லை. ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். டிபண்டரின் ஸ்கேன் ஓடும்போது உங்கள் பழைய கம்ப்யூட்டர் திணறினால், இது போன்ற ஒன்றின் டிரையலை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சந்தாவை மறந்துவிடுபவர் என்றால் டிபண்டரே மேல்.

இலவசமாகக் கிடைக்கும் மற்ற தொகுப்புகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவாஸ்ட் நிறுவனம் தன்னைப் பயன்படுத்தியவர்கள் எந்தெந்த இணையதளம் பார்த்தார்கள் என்ற விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் மூலம் விற்றது. விஷயம் வெளியாகி 2020-ல் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அவாஸ்டை 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வைத்தது. காவலுக்கு வைத்தவரே வீட்டுக் கதையை விற்றது போல!

சரி, பெரியப்பாவின் கம்ப்யூட்டருக்கு வருவோம். கண்ட்ரோல் பேனல் சென்று இரண்டு தொகுப்புகளையும் அன் இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தேன். ஸ்டார்ட் மெனுவில் "விண்டோஸ் செக்யூரிட்டி" என டைப் செய்து, "வைரஸ் அண்ட் த்ரெட் புரடக்‌ஷன்" பகுதியைத் திறந்தேன். டிபண்டர் வேலைக்கு வந்திருந்தது. அப்டேட் செய்து, புல் ஸ்கேன் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். பெரியம்மா செய்த வத்தக்குழம்பு முடிந்து, காபியும் முடிந்த பிறகுதான் ஸ்கேன் முடிந்தது.

பிறகு பென் டிரைவைச் செருகி, அதன் மீது ரைட் கிளிக் செய்து டிபண்டர் மூலம் ஸ்கேன் செய்தேன். இந்த ஷார்ட்கட் வைரஸ் பைல்களை அழிப்பதில்லை. உண்மையான போல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கிறது. நாம் அதைக் கிளிக் செய்தால் முதலில் வைரஸ் இயங்கும், பிறகு போல்டரும் திறக்கும். எனவே சந்தேகமே வராது. ஸ்கேன் முடிந்தபின் பைல் எக்ஸ்புளோரரில் போல்டர் ஆப்ஷன்ஸ் திறந்து, வியூ டேபில் மறைந்த பைல்களைக் காட்டும்படி அமைத்தேன். அதற்குக் கீழே "ஹைட் புரடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பைல்ஸ்" என்ற வரி இருக்கும். அதிலுள்ள டிக் அடையாளத்தையும் எடுக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மங்கலாக எல்லா போல்டர்களும் தெரிந்தன. உள்ளே இருந்த படங்களையும் சான்றிதழ்களையும் மட்டும் ஹார்ட் டிஸ்க்கில் புதிய போல்டருக்குக் காப்பி செய்தோம். எல்லாம் வந்துவிட்டது. அதன் பிறகுதான் பென் டிரைவைப் பார்மட் செய்தேன். எடுத்த டிக் அடையாளத்தை மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது கருத்து வேண்டுமென்றால், தேவைப்படும்போது மட்டும் இயங்கும் ஸ்கேனர்கள் போதும். மத்திய அரசு 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இவை இலவசமாகக் கிடைக்கின்றன. எப்போதும் மெமரியில் உட்கார்ந்திருக்காது என்பதால் டிபண்டருடன் மோதாது.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அதற்கான மைக்ரோசாப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டிபண்டருக்கு வைரஸ் விவரங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஆனால் ஓட்டையைப் புது ஆண்ட்டி வைரஸ் அடைக்காது. விண்டோஸ் அப்டேட்தான் அடைக்கும். உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பாருங்கள்.

மாலையில் கிளம்பும்போது, "ஆண்ட்டி வைரஸுக்கு எவ்வளவுப்பா ஆச்சு?" என்று பெரியப்பா கேட்டார். "ஒன்றும் இல்லை. அந்தப் பணத்தில் ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிப் போடுங்கள்" என்றேன். அடுத்த வாரம் நானே மாட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். படங்களின் இன்னொரு காப்பி இப்போது என் வீட்டில் இருக்கிறது.