விரல்ல மாட்டினா மவுஸ்... மோதிரத்தை நம்பி நிஜ மவுஸைத் தூக்கிப் போடலாமா?

ரீல்ஸ் தள்ளிக்கிட்டே இருக்கும்போது நடுவுல அந்த விளம்பரம் உங்களுக்கும் வந்திருக்கும். சோபாவில் சாய்ஞ்சிருக்கிறவர் விரல்ல ஒரு குட்டி கறுப்பு மோதிரம். கட்டைவிரலால் அதை லேசா தடவுறார், எதிரே லேப்டாப்பில் பக்கம் நகருது. 'இனி மவுஸே தேவையில்லை'னு பெரிய எழுத்தில் ஒரு வரி. பார்க்க செமயா இருக்கும். ஆனா 'கார்ட்'ல போடுறதுக்கு முன்னாடி, மேஜை மேல கிடக்கிற அந்தப் பழைய மவுஸை இத்தனை வருஷமா ஏன் யாராலும் அசைக்க முடியலைனு தெரிஞ்சுக்கங்க. எதை வாங்கலாம், எதை ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடலாம்னு உங்களுக்கே புரிஞ்சுடும்.

முதல் மவுஸ் 1964-ல் பிறந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் யோசிச்சதை, பில் இங்கிலீஷ் மரப்பெட்டியில் செஞ்சு கொடுத்தார். கீழே ரெண்டு சக்கரம், மேலே ஒரே ஒரு பட்டன். அப்போ அவங்க மவுஸை மட்டும் சோதிக்கலை. ஜாய்ஸ்டிக், ஒளிப்பேனா, ஏன், மேஜைக்கு அடியில் முழங்காலால் ஆட்டுற ஒரு கருவியைக்கூட போட்டிக்கு விட்டாங்க. கடைசியில் நிலைச்சது மவுஸ்தான். 1968 டிசம்பர் 9 அன்னிக்கு சான் ஃபிரான்சிஸ்கோவில் மேடையேறினது, இன்னும் இறங்கலை.

அதோட ரகசியம் மவுஸ்ல இல்லைங்க, மேஜையில் இருக்கு. உங்க கையோட எடையை மேஜை தாங்குது. கையை எடுத்தா பாயின்ட்டர் அங்கேயே நிக்குது. திரும்பி வந்து பிடிச்சா விட்ட இடத்திலிருந்து தொடருது. அடியில் இருக்கிற சின்ன கேமரா சென்சார், மேஜைப் பரப்பை நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல படம் எடுத்து, எவ்வளவு நகர்ந்தோம்னு கணக்குப் போடுது. இவ்வளவு வசதியையும் ஒரு மோதிரத்துக்குள்ள அடக்கணும்னா சும்மாவா?

மோதிரத்துக்குள்ள என்ன இருக்கு?

பெரும்பாலும் ரெண்டு வகைதான். ஒண்ணு, மோதிரத்து மேல குட்டி டச்பேட் மாதிரி ஒரு சென்சார். கட்டைவிரலை அது மேல நகர்த்தணும். பழைய பிளாக்பெர்ரி போன்ல நடுவுல ஒரு சின்ன சதுரம் இருக்குமே, கிட்டத்தட்ட அதே வேலை. இது நம்பகமானது. ஆனா இடம் ரொம்பக் குறைவு. பெரிய திரையில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போகணும்னா, தடவித் தடவியே கட்டைவிரல் ஓய்ஞ்சிடும்.

இன்னொண்ணு, கையைக் காற்றில் அசைச்சா பாயின்ட்டர் நகர்ற வகை. போனைத் திருப்பினா திரையும் திரும்புதுல்ல, அதுக்கு உதவுற ஆக்ஸிலரோமீட்டர், கைரோஸ்கோப் சென்சார்கள்தான் இதுக்குள்ளயும். சிக்கல் இங்கதான். கைரோவுக்கு உங்க கை எவ்வளவு வேகமா திரும்புதுன்னு தெரியும், எங்கே இருக்குன்னு தெரியாது. வேகத்தைக் கூட்டிக் கூட்டித்தான் இடத்தைக் கணிக்கணும். சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து, கொஞ்ச நேரத்தில் பாயின்ட்டர் தன்னால ஒரு பக்கம் ஒதுங்க ஆரம்பிச்சிடும்.

அடுத்தது கிளிக். மவுஸ்ல விரல் அழுத்தினா மேஜை எதிர்த்துத் தாங்குது, மவுஸ் அசையுறதில்லை. காற்றில் நீட்டின கையில் விரலை அழுத்தினா கையே துள்ளும். 'சேவ்' பட்டன்ல வெச்சது, கிளிக் ஆகுறப்போ பக்கத்துல இருக்கிற 'டெலிட்'ல போய் நிக்கும். அதோட, காபி கப்பை எடுக்கிறீங்களா, கம்ப்யூட்டருக்குக் கட்டளை போடுறீங்களான்னு மோதிரத்துக்கு எப்படித் தெரியும்? இதெல்லாம் போதாதுன்னு கைவலி வேற. கையைத் தூக்கி வெச்சே வேலை பார்த்தா தோள்பட்டை கெஞ்சும். இந்தத் துறையில் இருக்கிறவங்க இதுக்கு வெச்ச பேரு 'கொரில்லா கை'!

முயற்சிக்கு மட்டும் குறைச்சலே இல்லை. 2013-ல் மைசெஸ்ட்ரோ என்ற விரல் மவுஸ் கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்டியது. 2014-ல் நம்ம பக்கத்து ஊர் கொச்சியிலிருந்து ஒரு இளைஞர் கூட்டம் 'ஃபின்' என்ற கட்டைவிரல் மோதிரத்தோட இண்டிகோகோவில் இறங்குச்சு. 2015-ல் எம்.ஐ.டி மீடியா லேப், நெயில் ஸ்டிக்கர் மாதிரி நகத்து மேல ஒட்டுற டிராக்பேடை 'நெயில்ஓ'ங்கிற பேர்ல செஞ்சு காட்டுச்சு. என்னைக் கேட்டா, இருக்கிறதிலேயே அழகான யோசனை அதுதான். ஒரு கையில் பை, இன்னொரு கையில் போன்னு பஸ்ல நிக்கிறப்போ நகத்தைத் தடவினா போதும்னா யாருக்குத்தான் பிடிக்காது? ஆனா, அலுவலக மேஜையில் மவுஸோட இடத்தை இதுல எதுவும் பிடிக்கலை.

அப்போ வேஸ்ட்டா? இல்லவே இல்லை. மவுஸைப் பிடிக்கவே முடியாதவங்க பக்கத்திலிருந்து பாருங்க. முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவங்களுக்கு, கை நடுங்குறவங்களுக்கு, மேஜையும் மவுஸும் இருந்து என்ன பிரயோஜனம்? துருக்கியிலிருந்து வந்த 'கிளாஸ்அவுஸ்' கருவியைக் கண்ணாடி மாதிரி மாட்டிக்கலாம். தலையைத் திருப்பினா பாயின்ட்டர் நகரும். வாயில் இருக்கிற சுவிட்சைக் கடிச்சா கிளிக். நம்ம சென்னையிலயே டெக்ஸ்ட்ரோவேர் டிவைசஸ் என்ற ஸ்டார்ட்அப், தலையில் மாட்டிக்கிட்டு கம்ப்யூட்டரையும் போனையும் இயக்குற 'மவுஸ்வேர்' கருவியைச் செஞ்சிருக்கு. இவங்களுக்கு மவுஸைவிட இது வேகமாங்கிற கேள்வியே இல்லை. யாரையும் எதிர்பார்க்காம தானே ஒரு மெயில் அனுப்புறதா, இல்லையாங்கிறதுதான் கேள்வி. நமக்கு 'கேட்ஜெட்'டா தெரியுறது அவங்களுக்குப் படிப்பு, வேலை, சம்பளம்.

இப்போ ஆட்டம் விரல்லேர்ந்து மணிக்கட்டுக்கு மாறுது. 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் 799 டாலருக்கு வந்த மெட்டாவின் ரே-பேன் டிஸ்ப்ளே கண்ணாடியோட ஒரு கைப்பட்டையும் தர்றாங்க. விரலை அசைக்கும்போது தசைகளில் ஓடுற மின்சமிக்ஞையை அது மணிக்கட்டிலேயே படிச்சிடும். கையைத் தூக்க வேண்டாம், மடியில் வெச்சபடியே விரலைச் சேர்த்தா போதும். இதே வகைக் கைப்பட்டையால் காற்றில் எழுதுறமாதிரி நிமிஷத்துக்கு 20.9 வார்த்தைகள் எழுத முடிஞ்சதா அந்தக் குழு 'நேச்சர்' இதழில் எழுதியிருக்கு. கொரில்லா கைக்கு வைத்தியம் கிடைச்ச மாதிரிதான். விலைக்குத்தான் இன்னும் வைத்தியம் வரலை.

சரி, நீங்க என்ன பண்ணலாம்? முதல்ல, ஆன்லைனில் மலிவா கிடைக்கிற 'ஸ்க்ரோல் மோதிரம்' பலதும் மவுஸே கிடையாது. அது ஒரு ப்ளூடூத் ரிமோட். அடுத்த ரீலுக்குப் போகும், லைக் போடும், போட்டோ எடுக்கும், அவ்வளவுதான். பாயின்ட்டர் வேணும்னா, விவரத்தில் ப்ளூடூத் மவுஸா வேலை செய்யும்னு தெளிவா இருக்கான்னு பாருங்க. ஆண்ட்ராய்டில் இணைச்சவுடனே அம்புக்குறி வந்துடும். ஐபோன்ல 'அசிஸ்டிவ் டச்'சை ஆன் பண்ணணும். செமினார்ல ஸ்லைடு மாத்த, டி.வி-யில் யூடியூப் தேட, படுத்துக்கிட்டே படிக்க இது சுகம். எக்ஸெல், போட்டோஷாப், வேலரன்ட்டுக்கெல்லாம் கிட்டவே கொண்டுபோகாதீங்க. மணிக்கட்டு வலிக்குதேன்னு வாங்குறவங்க, வலி அங்கேயிருந்து கட்டைவிரலுக்கு மாறலாம்கிறதையும் யோசிங்க. டிராக்பால், நிமிர்ந்து நிக்கிற வெர்டிகல் மவுஸ் ரெண்டையும் முதல்ல தொட்டுப் பாருங்க.

காசு போடாமலே ருசி பார்க்கவும் வழி இருக்கு. கையில் வேர் ஓஎஸ் வாட்ச் இருந்தா, ஃபின்லாந்தின் டபுள்பாயின்ட் நிறுவனம் கொடுக்கிற 'வாவ்மவுஸ்' ஆப் அதையே காற்று மவுஸா மாத்திடும். மேக் வெச்சிருக்கிறவங்க, அக்சஸிபிலிட்டி செட்டிங்ஸ்ல 'ஹெட் பாயின்ட்டர்'னு தேடுங்க. எதையும் மாட்டிக்க வேண்டாம், கேமரா உங்க தலையசைவைப் பார்த்துப் பாயின்ட்டரை நகர்த்தும். ஐபோன் 12-லிருந்து மேல உள்ள மாடல்கள்ல ஐஓஎஸ் 18 போட்டிருந்தா, கண்ணசைவிலேயே போனை இயக்கிப் பார்க்கலாம். அரை மணி நேரம் அப்படியே வாட்ஸ்அப் ஓட்டிப் பாருங்க. மோதிரம் வாங்குறதா வேண்டாமாங்கிறதை அதுக்கப்புறம் முடிவு பண்ணிக்கலாம்.