ஸ்பிரிங் கணக்கு

“2000 ஸ்பிரிங் மெத்தை, 1000 ஸ்பிரிங் மெத்தையைவிட இரண்டு மடங்கு நல்லதா?” என்று சுங்கை சிப்புட் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். ஈப்போ கடைகளில் பெரிய எழுத்தில் தொங்கும் எண்கள் அவரை மலைக்க வைத்திருக்கின்றன.

குயின் மெத்தை 152 செ.மீ. அகலம், 190 செ.மீ. நீளம். அதில் 1000 ஸ்பிரிங்கை ஒரே அடுக்காக நிறுத்தினால், ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக்குச் சுமார் ஐந்தரை செ.மீ. இடம் கிடைக்கும், 2000 என்றால் நான்குகூட இல்லை. அதற்கும் மேலே எண் போனால், குட்டி ஸ்பிரிங்குகளை இன்னொரு அடுக்காக வைத்து அவற்றையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

ஸ்பிரிங்கின் வகையையும் பார்க்க வேண்டும். கம்பியால் பிணைத்த பழைய வகை, நான் வளர்ந்த தோட்டத்து லயம் மாதிரி: ஒரு வீட்டில் இருமினால் வரிசை முழுக்கக் கேட்கும். ஒவ்வொரு சுருளையும் தனித்தனித் துணிப்பையில் தைத்துவிட்டால், அழுத்தப்பட்டது மட்டும் அமுங்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் செய்த வேலை இது.

என்னைக் கவர்ந்தது கம்பியின் தடிமன்தான். கம்பி 1.8 மி.மீட்டரிலிருந்து 2 மி.மீட்டராகத் தடித்தால், மற்றவை மாறாதபோது, விறைப்பு ஒன்றரை மடங்காகிவிடும். ஏனென்றால் விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. சுருளின் விட்டம் பாதியானாலோ விறைப்பு எட்டு மடங்கு! ஆகவே நெருக்கி நெருக்கி ஸ்பிரிங் வைப்பவர் கம்பியை மெலியவிட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மெத்தை பலகையாகிவிடும். எண் கூடியதால் இரும்பு கூடியது என்று நினைத்துவிடக் கூடாது. கம்பியின் தடிமனைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லி விற்பது பாதிக் கணக்கு.

மேலடுக்கு ரப்பர் நுரையா என்றும் கேளுங்கள். 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கும் பேராக் மாநிலத்தில், இயற்கை ரப்பர் பாலில் செய்ததையும் செயற்கை நுரையையும் பிரித்தறியாமல் வாங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு வருத்தமும் உண்டு. புது மெத்தை மகன் அறைக்குப் போகிறது. விடியுமுன் எழுந்து பால் வெட்டி முதுகு தேய்ந்த அம்மாவுக்கு, நடுவில் குழி விழுந்த பழசு. ஐம்பது கிலோ அம்மாவுக்கும் தொண்ணூறு கிலோ மகனுக்கும் ஒரே விறைப்பு பொருந்தாது. அம்மாவையும் கடைக்கு அழைத்துப் போங்கள். பக்கவாட்டில் பத்து நிமிடம் படுக்கச் சொல்லுங்கள். தோளும் இடுப்பும் அமுங்கி, முதுகெலும்பு நேராக இருந்தால் அதை வாங்கலாம், ஸ்பிரிங் 800 என்றாலும்.