மனநோயும் பணியிட உரிமையும்

அசோக் நகரில் வசிக்கும் அரசு ஊழியர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். பல்லாண்டுகளாக மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை பெற்றுவருபவர். இரவில் உண்ணும் மாத்திரையின் மயக்கம் காலையிலும் தெளிவதில்லை. அலுவலகம் செல்லத் தாமதமாகிறது. விளக்கம் கேட்டு மெமோவும் வந்துவிட்டது. “நோயைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள், சொல்லாவிட்டால் சோம்பேறி என்கிறார்கள். நான் என்ன செய்வது, ஹஸ்ரத்?” என்றார்.

இவ்வினாவுக்குச் சட்டத்தில் விடையுண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நீடித்த மனநோயையும் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்கிறது. நிர்வாகத்தின்மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாமல், ஒருவர் பிறருக்குச் சமமாகப் பணியாற்றத் தேவையான மாற்றங்களைச் செய்து தருவதையே அது ‘நியாயமான வசதி’ என்கிறது. பணிநேரத்தைச் சற்றுத் தள்ளிவைப்பது, இரவுப் பணியைத் தவிர்ப்பது போன்றவை இதில் அடங்கும். 20ஆம் பிரிவின்படி அரசு நிறுவனங்களுக்கு இது கடமை. பணிக்காலத்தில் குறைபாடுற்றவரை நீக்குவதோ பதவியிறக்குவதோ கூடாது. இருக்கும் பணி பொருந்தாதெனில், அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். தனியார் நிறுவனங்களுக்கு இத்துணைக் கண்டிப்பு இல்லை. எனினும் அவையும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும்.

மனநோயுற்ற மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்ட வழக்கில், 17.12.2021 அன்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அந்நடவடிக்கையை ரத்துச் செய்தது. நடத்தைக்கு நோயும் ஒரு காரணமாயிருக்க, அதற்காகத் தண்டிக்க முற்படுவது பாகுபாடே என்பது தீர்ப்பின் சாரம். ஆயுதம் ஏந்தும் பொறுப்பை அவருக்கு அளிக்காதிருக்க நிர்வாகத்துக்கு இடமளித்த நீதிமன்றம், வேறு பணியில் அவருக்குள்ள பாதுகாப்பையும் உறுதிசெய்தது.

வந்தவரிடம் நான் கூறியது இதுதான்: நோயின் முழு வரலாற்றையும் அலுவலகத்தில் விரிக்க வேண்டியதில்லை. எந்த மாற்றம், எதற்காக, எவ்வளவு காலத்துக்குத் தேவை என மருத்துவரிடம் கடிதம் பெறுங்கள். மனுவை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். மறுத்தால் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரையும், பின்னர் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரையும் அணுகலாம்.

“சலுகை கேட்பது இழிவில்லையா?” என்றார். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழுவது கடமையைக் குறைப்பதன்று. அதை விட்டுவிடாதிருக்கவே அந்த ருக்ஸத் என்றேன். காலை பத்துக்குப் பதில் பதினொன்றுக்கு வந்து, மாலையில் ஒரு மணி கூடுதலாகப் பணியாற்றுவதும் அத்தகையதே.

அவர் மனுக் கொடுத்துவிட்டார். பதிலை எதிர்நோக்கியிருக்கிறார்.