இது வெறும் வயிற்றுப்போக்கு இல்லை

படிவம் நான்கில் படிக்கும் பிள்ளை மாதக்கணக்கில் இளைத்துக்கொண்டே போகிறான். நடுச்சாமத்தில் எழுந்து கழிவறைக்கு ஓடுகிறான். "சூட்டு உடம்பு, மோர் குடிடா" என்கிறார் பாட்டி. "மேகியை நிறுத்து, எல்லாம் சரியாகும்" என்கிறார் அம்மா. கடையில் வாங்கிய கேஸ்டிரிக் மாத்திரை ஒரு வாரம் ஓடுகிறது. மலத்தில் ரத்தம் வருவதை மட்டும் அவன் யாரிடமும் சொல்வதில்லை. அந்த வயதில் அதைச் சொல்ல வெட்கம் விடுவதில்லை.

இது குடல் அழற்சி நோயாக இருக்கலாம். மலாக்காவின் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மஸ்ஜிட் தானாவிலும் எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் இது நடக்கலாம். மற்றவர்களைவிட நமக்கு நடக்கும் வாய்ப்பு அதிகம் என்பதுதான் நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி. பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் நடந்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் மலாய்க்காரரிலும் சீனரிலும் லட்சத்துக்கு ஏறத்தாழ 7 பேர். இந்தியரில் ஏறத்தாழ 25 பேர். கடல் கடந்த இடத்திலும் இதே போக்கு தெரிந்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய இந்தியர்களுக்குப் பெருங்குடல் புண்நோய் வெள்ளையர்களைவிட அதிகம் என்று மருத்துவர்கள் புரோபர்ட், ஜெயந்தி, மேபெரி குழுவினர் 1992இல் எழுதினார்கள்.

குடல் அழற்சி நோய் என்ற பெயருக்குள் முக்கியமாக இரண்டு நோய்கள் உண்டு. பெருங்குடல் புண்நோய் பெருங்குடலின் உட்பரப்பில் மட்டும் பரவும். குரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். குடல்சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கும். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் பரில் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் 1932இல் 14 நோயாளிகளை விவரித்தபோதே, பெரும்பாலும் இளவயதினரைத் தாக்கும் நோய் இது என்று குறித்தார்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய நோயெதிர்ப்பு அணுக்கள் ஓய்வே இல்லாமல் சொந்தக் குடலைத் தாக்குகின்றன. ஓயாமல் காயம்பட்ட பால்மரத்தின் பட்டை முடிச்சு முடிச்சாகத் தடித்துப்போவது போல, புண்ணாகி ஆறி மறுபடியும் புண்ணாகும் குடல் தழும்பேறிச் சுருங்குகிறது.

ஏன் நமக்கு? மரபணு ஒரு பங்கு. வாழ்க்கை மாறிய வேகம் இன்னொரு பங்கு. மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டங்கள் எழுந்தது மலாக்காவில்தான். 1890களில் டான் சே யான் என்பவர் இங்கே ரப்பர் நட்டார். அந்தத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோரின் லயன் வீடுகளில் கொக்கிப்புழு சாதாரணம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று தாமான் வீடுகளில் சுத்தமான குழாய்த் தண்ணீரும் பொட்டலத் தீனியுமாக வளர்கிறார்கள். புழு போனால் குடலுக்குள்ளும் மாற்றம் நேர்கிறது. புழுக்களுக்கும் குடல் நுண்ணுயிர்களுக்கும் உள்ள உறவு குறித்து 2016இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வுக்குத் தடயம் தந்தவர்கள் மலேசிய ஓராங் அஸ்லி மக்கள். பூச்சிமருந்து கொடுத்த பிறகு அவர்கள் குடலில் வாழும் பாக்டீரியாக் கூட்டங்களின் விகிதமே மாறியது. அதற்காகப் புழுவைத் திரும்ப விழுங்குவது மருந்தாகாது. பன்றிப்புழு முட்டைகளைக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனைகளில் குரோன் நோயாளிகளுக்குப் பலன் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று தெளிவு: பிள்ளை சாப்பிட்ட மிளகாயோ அம்மாவின் சமையலோ இந்த நோயைக் கொண்டுவரவில்லை. அது தொற்றுவதும் இல்லை.

கிளினிக் கெசிஹாத்தானிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு மலாக்கா மருத்துவமனைக்குப் போகும் பிள்ளைக்கு என்ன நடக்கும்? முன்கூட்டியே தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். முதலில் ரத்தமும் மலமும் சோதனைக்குப் போகும். மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதம் மிகுந்திருந்தால் குடலில் அழற்சி இருப்பதற்கு அது வலுவான அடையாளம். அடுத்தது ஸ்கோப், அதாவது கேமராக் குழாயால் குடலுக்குள் பார்க்கும் சோதனை. முந்தின நாள் மாலையிலிருந்து குடலைக் கழுவும் மருந்துநீரை லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். ஸ்கோப் செய்துகொண்ட பலரும் இதைத்தான் கடினமான பகுதி என்கிறார்கள். ஊசி போட்டு மயக்கத்தில் ஆழ்த்திய பிறகு நடக்கும் சோதனை பெரும்பாலும் நினைவில்கூட இருக்காது. குடலின் உட்பரப்பிலிருந்து அரிசிமணியைவிடச் சின்னத் துணுக்குகளைக் கிள்ளி எடுப்பார்கள். கிள்ளுவதை உணரும் நரம்பு அங்கே இல்லாததால் அது வலிக்காது.

முடிவு வரும்வரை காத்திருப்பதுதான் வீட்டாருக்குச் சோதனை. நம் பகுதியில் அந்தக் காத்திருப்புக்கு ஒரு காரணம் உண்டு. குடல் காசநோயும் குரோன் நோயும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் சிறுகுடல் பெருங்குடலைத் தொடும் இடத்தையே விரும்பித் தாக்கும். காசநோய் என்றால் சில மாத மாத்திரையில் குணமாகும். அதைக் குரோன் என்று எண்ணி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டால் கிருமி உடலெங்கும் பரவக்கூடும். அதனால்தான் நெஞ்சு எக்ஸ்ரேயும் கிருமி வளர்ப்புச் சோதனையும் பார்க்கிறார்கள். "ஏன் டாக்டர் இன்னும் மருந்து தொடங்கவில்லை" என்று கேட்பது பெற்றோரின் உரிமை. பதிலில் காசநோய் என்ற சொல் வந்தால் பதற வேண்டாம்.

நோய் உறுதியானதும் பலருக்கு முதலில் வருவது ஸ்டீராய்டு. சில நாள்களில் ரத்தம் நிற்கும், பசி வரும். கூடவே முகம் உப்பும், பரு வரும். கண்ணாடியைப் பார்த்து மனம் நொந்து பிள்ளை தானாகவே மாத்திரையை நிறுத்திவிடுவது பேராபத்து. அதை மருத்துவர் சொல்லி மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும். வளரும் பிள்ளைக்குக் குரோன் நோய் என்றால் ஸ்டீராய்டு இல்லாத வழி ஒன்றும் உண்டு: ஆறு முதல் எட்டு வாரம் வேறு எந்த உணவும் இல்லாமல் சத்துப்பால் மட்டும். வீட்டில் எல்லாரும் சோறு சாப்பிட, ஒருவன் மட்டும் டம்ளரோடு உட்கார்ந்திருப்பது எளிதல்ல. பெருநாள், பூசை எதுவானாலும் "ஒரு வாய் சாப்பிடு ராசா" என்று ஊட்டாமல் இருப்பதுதான் அப்போது அன்பு.

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதியோபிரின் என்ற மருந்தை நீண்டகாலத்துக்குக் கொடுக்கும்போது ஆசியர்களுக்குத் தனிக் கவனம் தேவை. என்யுடிடி15 என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு இந்த மருந்து வெள்ளணுக்களைச் சரியவைக்கும் என்று கொரிய ஆய்வாளர்கள் 2014இல் கண்டுபிடித்தார்கள். கிழக்காசியர்களிடமும் தெற்காசியர்களிடமும் இது ஐரோப்பியர்களைவிடப் பரவலானது. தொடக்க வாரங்களில் அடிக்கடி ரத்தம் எடுப்பது இதற்காகத்தான். திடீரென்று முடி கொத்தாக உதிர்ந்தாலோ காய்ச்சல் கண்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதற்கும் அடங்காத நோய்க்கு 1998 முதல் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற உயிரியல் மருந்துகள் இருக்கின்றன.

இது தீர்ந்துபோகும் நோய் இல்லை, அடக்கி வைக்கக்கூடிய நோய். அடங்கியிருக்கும் காலத்தில் பிள்ளை படிக்கலாம், பந்து விளையாடலாம், பின்னாளில் வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தலாம். அதற்குப் பள்ளியின் துணையும் வேண்டும். கையைத் தூக்கி வகுப்பின் முன் அனுமதி கேட்காமல் கழிவறைக்குப் போகும் உரிமையை ஆசிரியர் கொடுக்கலாம். எஸ்பிஎம் தேர்வில் கதவோர இருக்கை கேட்டு மருத்துவர் கடிதத்துடன் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முதல் படி வீட்டில்தான். நான்கு வாரத்தைத் தாண்டிய வயிற்றுப்போக்கு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுவலி, மலத்தில் ரத்தம், குறையும் எடை, நின்றுபோன உயரம், ஆசனவாயில் ஆறாத புண்: இவற்றில் ஒன்று இருந்தாலும் மூலம் என்றும் சூடு என்றும் விட்டுவிடாதீர்கள். குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் வழக்கமான கட்டணம் 1 ரிங்கிட், சிறப்பு மருத்துவரிடம் 5 ரிங்கிட். அங்கே போனதும் எத்தனை வாரமாக, ரத்தம் உண்டா, எத்தனை கிலோ குறைந்தது என்ற மூன்றையும் கேட்கும் முன்பே சொல்லுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நோய் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால், குடல் தழும்பேறிச் சுருங்கும் முன்பே மருந்து தொடங்கிவிடலாம்.