சூழலுக்கு இசைந்த நலங்கு விழா

சூழலுக்கு இசைந்த நலங்கு விழா என்பது, மணப்பெண்ணுக்காக உறவினரும் தோழியரும் கூடி நடத்தும் விழாவை, கழிவும் எரிபொருள் செலவும் குறைவாகவும், விழா நடைபெறும் இடத்தின் உயிரினங்களுக்கு இடையூறு இல்லாமலும் திட்டமிட்டு நடத்துவதைக் குறிக்கும். மேற்கு நாடுகளில் இதையொத்த நிகழ்வு பிரைடல் சவர் என அழைக்கப்படுகின்றது. தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில், குறிப்பாகக் கோவளம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள கடற்கரை விடுதிகளில், இவ்விரு வழக்கங்களும் கலந்து நடத்தப்படுவதுண்டு. இக்கடற்கரையில் திருமண மாதங்களும் கடலாமைகள் முட்டையிடும் மாதங்களும் ஒன்றாக வருகின்றன. எனவே இங்கு, கழிவைப் போலவே விழா நடத்தும் நேரமும் வெளிச்சமும் கருத்தில் கொள்ள வேண்டியவை ஆகும்.

பின்னணி

நலங்கு, தமிழரிடையே பல சமூகங்களில் வழங்கும் மங்கலச் சடங்கு ஆகும். சில சமூகங்களில் இது திருமணத்திற்கு முன்னரும், சிலவற்றில் திருமணம் முடிந்த பின்னரும் நடைபெறுகின்றது. மணப்பெண்ணை மணையில் அமர்த்தி, மஞ்சளும் சந்தனமும் பூசி, குங்குமம் இட்டு, ஆரத்தி எடுப்பர். தேங்காய் உருட்டுதல், பூப்பந்து எறிதல், அப்பளம் உடைத்தல் ஆகிய விளையாட்டுகளும் சில குடும்பங்களில் உண்டு. இச்சடங்கிற்கு வேண்டிய பொருள்கள் அனைத்தும் மண்ணில் மட்குபவை, அல்லது கழுவி மீண்டும் பயன்படுத்தக்கூடியவை.

பிரைடல் சவர் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நகரங்களில் பரவியது. புதுக்குடித்தனத்திற்கு வேண்டிய பொருள்களைத் தோழியர் பரிசாக வழங்குவதே அதன் நோக்கம். அவ்வகையில் அது தமிழரின் சீர் வழங்கும் வழக்கத்தை ஒத்தது. பலூன் வளைவு, தெர்மாகோல் எழுத்து, மினுமினுப்புத் தூள், ஒருமுறை பயன்படும் குவளை ஆகியவை இரு விழாக்களிலும் பின்னர் வந்து சேர்ந்தவை. விழாவின் கழிவில் பெரும்பகுதி சடங்கிலிருந்து அன்றி, இச்சேர்க்கைகளிலிருந்தே வருகின்றது.

திருமணக் காலமும் பங்குனி ஆமையும்

மார்கழியில் திருமணம் செய்வதைப் பலர் தவிர்ப்பதால், தை பிறந்ததும் திருமணங்கள் தொடங்குகின்றன. பங்குனி ஆமை எனப்படும் சிற்றாமை இனம் இக்கடற்கரையில் முட்டையிடுவதும் சனவரி முதல் ஏப்ரல் வரையிலான இதே காலத்தில் தான். பெண் ஆமை இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஏறத்தாழ 100 முட்டைகளை இட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பும். 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும்.

இருட்டான கடற்கரையில், நிலத்தை விடக் கடற்பரப்பே சற்று வெளிச்சமாகத் தோன்றும். குஞ்சுகள் அவ்வெளிச்சத்தை நோக்கியே செல்கின்றன. கரையில் விளக்குகள் எரிந்தால், அவை திசை மாறி நிலப்பக்கம் நகர்ந்து, நாய்க்கும் காக்கைக்கும் இரையாகின்றன, அல்லது வெயிலில் காய்ந்து இறக்கின்றன. முட்டையிட வரும் ஆமையும் வெளிச்சம் மிகுந்த கரையைத் தவிர்க்கின்றது. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவு நடை சென்று, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகங்களில் சேர்த்து வருகின்றனர்.

இதனால் சனவரி முதல் மே வரை, கடற்கரையை ஒட்டிய விழாவைக் காலையில் தொடங்கி மாலைக்குள் முடிப்பது ஏற்றது. இரவில் நடத்த நேர்ந்தால், மணற்பரப்பைத் தவிர்த்து மண்டபத்திற்குள் நடத்தலாம். கடல் நோக்கிய விளக்குகளை அணைப்பதும், திரைச்சீலை இடுவதும் பயன் தரும். வாணவேடிக்கையும் பறக்கும் காகித விளக்கும் இக்கரைக்கு ஒவ்வாதவை.

அலங்காரம்

* பலூன்: காற்றில் விடப்படும் பலூன் கடலில் விழுந்து கிழியும்போது இழுதுமீன் போலத் தோன்றுவதால், ஆமைகள் அதை விழுங்குகின்றன. மட்கும் எனக் கூறி விற்கப்படும் இரப்பர் பலூனும் மட்குவதற்கு நெடுங்காலம் எடுக்கும். தென்னங்குருத்தோலைத் தோரணமும் மாவிலையும் இதற்கு மாற்றாகும்.
* பூச்செருகும் பச்சைப் பஞ்சு: மலர்க்கொத்துகளைச் செருகப் பயன்படும் இப்பஞ்சு ஒருவகை நெகிழி ஆகும். இது மட்காமல் நுண்துகளாக உதிரும். வாழைத்தண்டிலோ மணல் நிரப்பிய பானையிலோ பூக்களைச் செருகலாம்.
* கோலம்: பச்சரிசி மாவில் இடும் கோலம் எறும்புக்கு உணவாகும். மினுமினுப்புத் தூள் பெரும்பாலும் நெகிழித் துகளே ஆதலால், அது காற்றிலும் நீரிலும் கலந்து கடலைச் சேரும்.
* இருக்கை: கோரைப்பாயும் மணையும் நலங்கிற்குப் போதுமானவை.

உணவும் பாத்திரங்களும்

வாழையிலையும் பாக்குமட்டைத் தட்டும் மட்கக்கூடியவை. காகிதக் குவளை அத்தகையது எனப் பலர் கருதுகின்றனர். ஆனால் நீர் ஊறாமல் இருக்க அதன் உட்புறத்தில் நெகிழிப் பூச்சு இடப்படுகின்றது. வாடகைப் பாத்திரக் கடைகளில் கிடைக்கும் எவர்சில்வர் குவளைகள் இதற்கு எளிய மாற்றாகும். கழுவும் நீரைத் தென்னை, வாழை ஆகியவற்றிற்குப் பாய்ச்சலாம்.

சாப்பிட்ட இலைகளை மாடுகளுக்கு இடும் வழக்கம் இன்றும் உண்டு. இலையோடு நெகிழித் தாள் கலந்துவிட்டால், அது மாட்டின் வயிற்றில் தங்கி உயிருக்கே கேடாகும். ஆகவே இலைக்கு ஒரு கூடையும் பிற கழிவுக்கு ஒரு கூடையும் பந்தியின் அருகிலேயே வைப்பது இன்றியமையாதது. வருவோர் எண்ணிக்கையை முன்கூட்டியே கேட்டுச் சமைப்பது, உணவு வீணாவதைக் குறைக்கும்.

தாம்பூலப் பையும் பரிசும்

தாம்பூலம் வழங்கப் பயன்படும் பைகளில் பல, துணி போலத் தோன்றினாலும், நெய்யப்படாத நெகிழி இழையால் ஆனவை. இவை தமிழ்நாட்டில் 2019 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. பருத்தியாலான மஞ்சப்பை இதன் பழைய வடிவமாகும். மஞ்சப்பைப் பயன்பாட்டை மீட்கத் தமிழ்நாடு அரசு 2021 திசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது.

மரக்கன்று வழங்குவதும் பரவி வருகின்றது. செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்களின் நலச்சங்கம் மூலிகைச் செடிகளை வளர்த்து வருகின்றது. எனினும் நட இடமில்லாத அடுக்குமாடி வீட்டாருக்கு மரக்கன்றை விடத் துளசித் தொட்டியே பயன்படும். மணப்பெண்ணுக்கு வேண்டிய பொருள்களின் பட்டியலை முன்பே பகிர்ந்தால், ஒரே பொருள் பலமுறை பரிசாக வருவதைத் தவிர்க்கலாம்.

பயணம்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எடுத்துக்காட்டாக, 50 பேர் 15 மகிழுந்துகளில் சென்று திரும்பினால், மொத்தம் 1650 கிலோமீட்டர் ஓட வேண்டும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் எனக் கொண்டால் 110 லிட்டர் பெட்ரோல் செலவாகும். லிட்டருக்கு 2.3 கிலோகிராம் வீதம், ஏறத்தாழ 250 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகும். அதே 50 பேர் ஒரே பேருந்தில் சென்றால், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் வீதம் 28 லிட்டர் டீசலே செலவாகும். வெளியாகும் வாயு ஏறத்தாழ 75 கிலோகிராம் ஆகும். மணப்பெண் வீட்டு முற்றத்திலேயே விழாவை நடத்தினால் இதுவும் குறையக்கூடும்.

சட்டங்கள்

தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல், உணவு மேசையில் விரிக்கும் நெகிழித் தாள், நெகிழி பூசிய காகிதத் தட்டு மற்றும் குவளை, தெர்மாகோல் குவளை, நீர்ப்பொட்டலம், உறிஞ்சுகுழல் உள்ளிட்ட 14 வகைப் பொருள்கள் தடை செய்யப்பட்டுள்ளன. 2022 சூலை 1 முதல், பலூன்களுக்கான நெகிழிக் குச்சி, அலங்காரத் தெர்மாகோல், இனிப்புப் பெட்டியையும் அழைப்பிதழையும் சுற்றும் நெகிழித் தாள் ஆகியவற்றை இந்திய அரசு நாடு முழுதும் தடை செய்தது. பங்குனி ஆமை, 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது.

வரம்புகள்

ஆமைகள் இறப்பதற்கு இழுவலைகளில் சிக்குவதே முதன்மைக் காரணமாகும். சாலைகளும் விடுதிகளும் ஆண்டு முழுதும் வெளிச்சம் பரப்புகின்றன. ஒரு குடும்பத்தின் ஒருநாள் விழா இவற்றை மாற்றிவிடாது. ஆயினும், ஒரே கரையில் தை முதல் பங்குனி வரை பல விழாக்கள் நடைபெறுவதால், அவற்றின் விளைவு ஒன்றுசேர்கின்றது. விளக்கை அணைப்பதற்கும் பலூனைத் தவிர்ப்பதற்கும் கூடுதல் செலவு ஏதும் இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

இவற்றையும் பார்க்க

* நலங்கு
* பங்குனி ஆமை
* மஞ்சப்பை
* மாமல்லபுரம்